பக்கத்துப் பல்கனிக் கறிவேப்பிலை

இன்று காலை என் மனைவி புவனம் கடைத் தயிர்ச் சட்டியின் அடியை வழித்து எடுத்துவிட்டு, வெறும் சட்டியைக் குப்பைப் பையில் போடப் போனாள். "அதை இஞ்சை தாரும்" என்று கையை நீட்டி வாங்கினேன். அடியில் ஆணியை வைத்து மெல்ல மெல்லத் தட்டித் துளையிடும்போதுதான், இது என் பழக்கமல்ல, உம்முடைய பழக்கம் என்று உறைத்தது. ஈர மண்சட்டியின் அந்தப் புளித்த வாசம் உம்முடைய பல்கனியின் வாசம். நீர் போய் ஏழு மாதமாகிறது. ஆணியைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீர் எங்கள் தொடர்மாடிக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனைவி இறந்த பிறகு கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கைக்குத் தனியே வந்தீர். ஓய்வு பெற்ற வரைபடக்காரர், எழுபத்திரண்டு வயது. இரண்டு முழங்காலும் மடங்காது. ஒரே மகள் கனடாவில். மூன்றாம் மாடியில் உமது பல்கனிக்கும் எனது பல்கனிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் மட்டும்தான். நான் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன், தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளரும்கூட. இந்த இரண்டும் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தன என்பது உமக்குத் தெரியும்.

அப்போது என் பல்கனியில் எட்டு ரோசாச் செடிகள், பளபளக்கும் சீனச் சட்டிகளில். எல்லாம் வாடிக்கொண்டிருந்தன. சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு நீர் சொன்ன முதல் வார்த்தையே அதைப் பற்றித்தான்.

"ஐசே, இந்தக் கடல் காத்துக்கு ரோசா நிக்காது. அதோட இந்தச் சட்டியை மண்ணோட ஆர் தூக்கிறது? நீரோ, நானோ?"

இரண்டு மாதத்தில் ரோசாக்கள் எல்லாம் கருகின. அதே இரண்டு மாதத்தில் உம்முடைய பக்கம் பச்சையாகிவிட்டது. யாரோ கீழே எறிந்த தையல் மெசின் காலின்மேல் ஒரு பலகை. அதன்மேல் தயிர்ச் சட்டிகள், பால்மா ரின்கள், பெயின்ற் வாளி. மண்ணில் பாதிக்கு மேல் தேங்காய்த் தும்புத் தூள், தூக்கப் பாரமில்லாமல். கடைக்காரர் கட்டிக் கொடுத்த பொன்னாங்காணியில் இலையைச் சமைத்துவிட்டுத் தண்டை ஊன்றினீர். வல்லாரை, பச்சை மிளகாய், ரம்பை எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான். கடல் காற்றுக்குத் தடுப்பாகப் பழைய வேட்டி ஒன்று கம்பியில் தொங்கியது. எல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்ததால் நீர் கதிரையில் உட்கார்ந்தபடியே ராசா மாதிரி வேலை பார்த்தீர்.

அந்தக் கறிவேப்பிலைதான் என்னை வதைத்தது. பெயின்ற் வாளியில் நின்று அது என் தோளளவுக்கு வளர்ந்தது. தினமும் காலையில் புவனம் சுவரடிக்குப் போவாள். "அண்ணை, ஒரு இணுக்கு தாங்கோ." நீர் ஒடித்துக் கொடுப்பீர். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அரை மணித்தியாலம் கதை நடக்கும். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்குள் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. நான் உள்ளே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு அந்தக் கூட்டம் வந்தது. தொடர்மாடியில் இருக்கும் வயதானவர்களுக்கு நீர் வீட்டுத் தோட்டம் பற்றிச் சொல்ல வேண்டும் என்று சங்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். செயலாளர் என்றபடியால் உம்மை அறிமுகம் செய்யும் வேலை எனக்கு. கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுதி வைத்துப் பதினைந்து நிமிடம் பேசினேன். ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு நீர் எழும்பி, ஒரு தயிர்ச் சட்டியைத் தூக்கிப் பிடித்தீர்.

"குனியாதேங்கோ. தூக்காதேங்கோ. காசு குடுத்து வாங்காதேங்கோ. இந்த மூண்டும்தான் என்ர தோட்டம்."

சபை குலுங்கிச் சிரித்தது. முதலாம் மாடி அன்ரி ஒருவர் எழும்பி, "எனக்குக் கை நடுங்கும் தம்பி. ஊத்திற தண்ணியிலை பாதி நிலத்திலைதான்" என்றார்.

"போத்தல் மூடியிலை ஊசியாலை ஓட்டை போட்டு, தண்ணியை நிரப்பித் தலைகீழா மண்ணிலை குத்தி விடுங்கோ அக்கா. செடி தன்ரபாட்டிலை குடிக்கும். நீங்கள் இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

முன்வரிசையில் இருந்த புவனம் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் உமது சொற்களை எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவள் எழுதி வைத்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை நீர் கண் கிளினிக்குக்குப் போனீர். புவனம் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கேத்தலில் தண்ணீர் நிரப்பி, அரைப் பைக்கற் உப்பைக் கொட்டிக் கரைத்து, சுவருக்கு மேலால் கையை நீட்டி உமது கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். முழுக் கேத்தலையும். என் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

நாலைந்து நாளில் இலை விளிம்புகள் பழுப்பாகின. பத்தாம் நாள் வெறும் குச்சி. மண்மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்ததை நீர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தீர். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என்னுடைய பக்கம் திரும்புவீர் என்று எதிர்பார்த்தேன். நீர் திரும்பியது மூலையில் கிடந்த நீல நிறப் பேசினுக்கு. பின்னேரங்களில் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் நீர் காலை ஊற வைக்கும் பேசின்.

"கடவுளே, நானே ஊத்திப் போட்டன்" என்றீர்.

அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அது மட்டுமல்ல, உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. இறந்தவரிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

அதன் பிறகு நீர் மாறிப்போனீர். வாளிகளில் "கால் தண்ணி", "செடித் தண்ணி" என்று பெரிய எழுத்தில் கடதாசி ஒட்டினீர். உமது அழகான வரைபடக்காரர் எழுத்து அதில் கோணலாக இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்தீர். காஸ் அடுப்பைப் பற்றவைக்கப் பயந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டீர். மகளிடமும் சொல்லிவிட்டீர். அவள் வீடியோ கோலில் அழுதது சுவர் தாண்டிக் கேட்டது. "அப்பா, இனி உங்களைத் தனிய விட ஏலாது. நான் வந்து ஒரு நல்ல இல்லத்திலை சேர்த்துவிடுறன்."

மறுநாள் என்னைச் சுவரடிக்குக் கூப்பிட்டீர்.

"ஐசே, எனக்கு மூளை கழண்டு போச்சு. மகள் வாறாள். இந்தச் சட்டி எல்லாத்தையும் நீரே எடும். புவனத்துக்கும் உதவும்."

நான் ஆசைப்பட்டது அத்தனையும் அந்தச் சுவருக்கு மேலால் என் கைக்கு வந்துகொண்டிருந்தது. வல்லாரைச் சட்டியை முதலில் தூக்கித் தந்தீர். அதை வாங்க எனக்குக் கை எழும்பவில்லை.

"உமக்கு மூளையிலை ஒண்டும் இல்லை" என்றேன். "உப்பு ஊத்தினது நான்."

நீர் சட்டியைப் பலகையில் வைத்தீர். ஒன்றும் விளங்காதவர் போல என்னைப் பார்த்தீர்.

"அப்ப எனக்கு மறதி இல்லை?"

"இல்லை."

"வடிவாச் சொல்லும். நான் ஊத்தேல்லை?"

"நீர் ஊத்தேல்லை. நான்தான்."

கதிரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டீர். தோள் குலுங்கியது. அது ஆறுதல் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கையை எடுத்தபோது கண் வேறுமாதிரி இருந்தது.

"ஒரு செடிக்காக என்னைப் பைத்தியக்காரனாக்கப் பாத்தீரே. போம் உள்ளுக்கு."

இரண்டு மாதம் நீர் என்னோடு கதைக்கவில்லை. மகள் வரவில்லை. கடதாசிகளைக் கிழித்தீர். புவனத்தோடு மட்டும் முன்போலவே கதைத்தீர். அவளுக்கு எப்போது சொல்வீர் என்று நான் ஒவ்வொரு காலையும் பேப்பருக்குப் பின்னால் காத்திருந்தேன். ஒருநாள் அவளே கேட்டாள், "அண்ணை, அந்த நல்ல கறிவேப்பிலைக்கு என்ன நடந்தது?"

"கடல் காத்து, தங்கச்சி. உப்புக் காத்து அடிச்சால் ஒண்டும் நிக்காது" என்றீர்.

மகளுக்கும் அதையேதான் சொல்லியிருந்தீர்.

பிறகு ஒரு காலை, கைத்தடியால் சுவரைத் தட்டினீர். "அரிசி கழுவின தண்ணி கிடக்கே?" அவ்வளவுதான். நான் கொண்டுவந்து தந்தேன். அடுத்த நாளும் தட்டினீர். உமக்கு முழங்கால் மோசமாகியிருந்தது. வாளி தூக்கும் வேலை என்னிடம் வந்தது, பிறகு மண் கிளறும் வேலை, பிறகு பசளை போடும் வேலை. நாலு வருடம் அப்படியே போயிற்று. புதிதாக ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டு, "இது உம்மடை பக்கத்திலை நிக்கட்டும்" என்று என் பல்கனியில் வைக்கச் சொன்னீர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிட்டீர். "உப்பு அளவாக் கிடக்கு, தங்கச்சி" என்று நீர் புவனத்திடம் சொல்லும்போதெல்லாம் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அது பகிடியா, தண்டனையா என்று நான் கேட்கவுமில்லை, நீர் சொல்லவுமில்லை.

உமக்குக் கிடைத்த சாவுகூட நல்ல சாவு. காலை வெயிலில், கதிரையில், விரல் நகத்துக்குள் மண்ணோடு. சாவு வீட்டுக்கு ஐந்து மாடியும் வந்தது. வாசல் காவலாளிகூட, "ஹொந்த மஹத்தயா" என்று, நல்ல ஐயா என்று, கண்ணைத் துடைத்தான். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை உமது வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண்ணிடம் புவனம் சுவரடியில் நின்று, "கவனம் பிள்ளை, முந்தி இஞ்சை நிண்ட கறிவேப்பிலையைக் கடல் காத்துத்தான் கருக்கினது" என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. புவனத்தை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன், கேத்தல் முதல் கடதாசி வரை.

அவள் கேட்டாள்.

"அண்ணைக்கு இது தெரியுமே?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே எங்கட வீட்டிலை இருந்து சாப்பிட்டவர்?"

"ஓம்."

அவள் அழத் தொடங்கினாள். என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "அண்ணை, அண்ணை" என்று உமக்காகவே அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எழுதவே வெட்கமாக இருக்கிறது, அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.