கடையில் சாப்பிட்டால் காசு

திருத்தணி
8-7-84

சிரஞ்சீவி தணிகாசலத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். மலைமேல் இருப்பவன் காப்பாற்ற இங்கே நானும் உன் தங்கை வரலட்சுமியும் அவள் பிள்ளைகளும் சுகம், பம்பாயில் நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு ஆபீஸ்காரர்கள் பத்துப் பேரை அழைத்து வருவதாகவும், சாப்பாடு வரலட்சுமியின் இட்டிலிக் கடையில்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய், அதற்குத்தான் இந்தப் பதில். போன வருஷமும் அப்படித்தான் வந்தீர்கள், இங்குள்ள சொந்தக்காரர்களும் வந்தார்கள். காவடிக் கூட்டத்தில் வந்த காசு நம் ஆட்கள் சாப்பிட்டதற்கே சரியாய்ப் போய், அரிசி வாங்க வழியில்லாமல் கடை ஒன்றரை மாதம் மூடிக் கிடந்தது. உனக்கு எழுத வேண்டாம் என்றாள் வரலட்சுமி, நானும் எழுதவில்லை.

மாசியில் பாங்க்காரர்கள் சிறுகடை வைத்திருக்கும் பெண்களுக்குச் சத்திரத்தில் பாடம் நடத்தினார்கள். துணைக்கு நானும் போனேன், ஐந்தாவது படித்தவள் என்று எனக்கும் ஒரு பென்சில் கொடுத்தார்கள். ஞானம்மாள் என்று ஒரு டீச்சர், கடைச் சோற்றை வீட்டார் சாப்பிட்டாலும் கல்லாவில் காசு விழ வேண்டும் என்றார். பள்ளிப்பட்டு கன்னியம்மாள், "அப்போ எம் புருஷனும் பில்லு போட்டுகினுதான் துன்னணுமா" என்று கேட்க எல்லோரும் சிரித்தோம். வரலட்சுமி சிரிக்கவில்லை. மறுநாளே உன் அக்கா புருஷன் நாகேந்திரன் எப்போதும்போல் தோசை சாப்பிட்டுக் கை கழுவினார். "பாவா, காசு வச்சிட்டுப் போங்க" என்றாள். "ஆங், மச்சினிச்சி கடையில காசு குடுத்துத் துன்னணுமா, ஊரே சிரிக்கும்" என்றார். "வீட்டுக்கு வாங்க பாவா, இலை போட்டுப் பரிமாறுறேன். இது கடை" என்றாள். காசை வைத்துவிட்டுப் போனவர் இன்றுவரை நம் வாசல் மிதிக்கவில்லை, உன் அக்கா மட்டும் அவருக்குச் சொல்லாமல் வந்து போகிறாள். நானும் ஒரு வாரம் கடைப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போய் இரண்டு இட்டிலி சாப்பிட்டு ரூபாயை நீட்டினேன், வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். வாங்கிக் கல்லாவில் போட்டு மீதியைக் கையில் கொடுத்தாள்.

மாசியிலிருந்து கடை ஒருநாளும் மூடவில்லை. இப்போது பாங்க் கடனில் கிருத்திகைக்கு அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போட்டிருக்கிறாள், திருவிழா மூன்று நாள் வியாபாரத்தில்தான் கடன் அடைய வேண்டும், பிள்ளைகளுக்கும் அந்தக் கடைதான் கதி. அதனால் நீங்கள் நாலு பேரும் வீட்டில் சாப்பிடுங்கள், நான் சமைக்கிறேன். ஆபீஸ்காரர்கள் கடையில் சாப்பிட்டால் அவள் வாய் திறக்குமுன் நீ கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அவர்கள் எதிரிலேயே கேட்பாள்.

பேரப்பிள்ளைகளுக்குச் சுற்றிப் போடச் சொல், எல்லோரும் நூறு வயது இருக்க வேண்டும். கிருத்திகைக் கூட்டத்தில் இங்கே சில்லறை கிடைக்காது, அங்கிருந்தே மாற்றிக் கொண்டு வா.

உன் அம்மா,
கௌரியம்மாள்