வெறும் தண்ணீர் அடித்த வயல்

ஜன. 27, செவ்வாய்

பனி. எதிர் வீடுகூடத் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை லாபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கோவில்பத்திலிருந்து சுரக்குடிக்கு வண்டியில். அண்ணன் வயலில் அறுவடை.

மெஷின்காரரிடம் ஒரே கெஞ்சல். "அண்ணே, இந்த ரெண்டு வயலு நெல்லையும் கலந்துடாம தனித்தனியா கொட்டுங்க."

"ஏங்க, பாகம் பிரிக்கிறீங்களா?"

இல்லை. உரக்கடைக்காரர் விற்கும் பயிர் டானிக்குக்குப் பரீட்சை. அவர் காட்டும் ஆதாரம் ஒரு வீடியோ. யாரோ ஒருவர் கதிரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். முடிந்தது. அடிக்காத வயல் எங்கே? காட்டமாட்டார். அண்ணன் பார்த்த அன்றே கவிழ்ந்துவிட்டார். போன போகத்திலேயே நஷ்டப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட மனிதர், நெல்லுக்கு, அப்புறம் உளுந்துக்கு, எல்லா நிலத்துக்கும் அடிப்பேன் என்று நின்றார். சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்தேன்: இந்தப் போகம் ஒரு வயலுக்கு மட்டும் டானிக், பக்கத்து வயலுக்கு வெறும் தண்ணீர், மற்றதுக்கு ஒன்றும் வேண்டாம். ஒரே விதை, ஒரே நாள் நடவு, ஒரே வாய்க்கால்.

இன்று இரண்டு வயலும் சமம். நிறுத்துப் பார்த்தோம். சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் மூட்டைகளின் படத்தோடு போட்டேன்: டானிக்கால் பலன் இல்லை, உளுந்துக்கு வாங்க இருப்பவர்கள் யோசிக்கவும். மனசு குளிர்ந்தது. செருப்பு வார் சேற்றில் அறுந்தது, அதுகூட வலிக்கவில்லை.

ஜன. 28, புதன்

லாபில் கூட்டம். பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு வந்து வெறும் வயிறு என்கிறார்கள். டீயெல்லாம் கணக்கில் சேராதாம்.

உரக்கடைக்காரர் போன். "ரத்தம் எடுக்குற ஆளு நீங்க. நெல்லப் பத்தி ஒங்களுக்கு என்னாங்க தெரியும்?"

கத்திவிட்டேன். தினமும் காலையில், அளவு தெரிந்த மாதிரியை முதலில் ஓட்டி மெஷின் சரியா என்று பார்க்காமல் ஒருத்தர் ரத்தத்தையும் நான் தொடுவதில்லை. இந்த ஆள் ஒரு சிரிப்பைக் காட்டி ஊரையே வாங்க வைக்கிறார். என்னைக் கேள்வி கேட்கிறார்!

குழுவில் நாலு பேர் டானிக் வாங்கப்போவதில்லை என்று போட்டிருந்தார்கள். நல்லது.

ஜன. 31, சனி

அண்ணன் வீடு. அண்ணி டீ கொடுத்தார். பெருமை தாங்காமல், கடைக்காரரைத் திட்டியதை நடித்தே காட்டினேன். அண்ணி சாதாரணமாகச் சொன்னார்:

"என்ன தம்பி சொல்றீங்க, ஒங்க அண்ணன் ரெண்டு வயலுக்குந்தான டானிக் அடிச்சாங்க."

டீ சட்டையில்.

அண்ணன் கொல்லையில் தார்ப்பாயை அலசிக்கொண்டிருந்தார். கேட்டேன். மறைக்கக்கூட இல்லை.

"பச்சத்தண்ணிய முதுகுல சொமந்துகிட்டுப் போயி பயிருக்கு அடிக்கச் சொல்றியே, எனக்கு மனசு வரலடா. பக்கத்து வயலுக்கு மருந்து குடுத்துட்டு இத ஏமாத்துறதா? அது மட்டும் என்னடா பாவம் பண்ணுச்சு?"

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே."

வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். பரீட்சையைக் கெடுத்தீர்கள், என் மானத்தை வாங்கினீர்கள், படிக்காத முட்டாள் என்று. கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

பிப். 1, ஞாயிறு

கறி வாங்கப் போய் வெறும் கையோடு வந்தேன். கடையில் என்ன கேட்டார்கள் என்றே ஞாபகம் இல்லை.

இரண்டிலும் டானிக் என்றால் சமமாக வந்ததற்கு அர்த்தமே இல்லை. டானிக் வேலை செய்ததா? தெரியாது. செய்யவில்லையா? அதுவும் தெரியாது. இந்த வருஷம் மழை நேரத்துக்குப் பெய்தது, டானிக்கைக் கண்ணால் பார்க்காத வயலும் நன்றாகத்தான் விளைந்தது. ஆனால் அந்த வயல்களில் வேறு விதை, வேறு நடவு. அதை வைத்தும் அடித்துச் சொல்ல முடியாது.

அண்ணன் மேல் இருந்த கோபம் மத்தியானத்துக்குள் என் மேல் திரும்பிவிட்டது. டானிக் வயலில் நாலு மூட்டை கூட வந்திருந்தால் விட்டிருப்பேனா? தராசு சரியா, எந்த வயலுக்குத் தண்ணீர் முதலில் பாய்ந்தது, யார் அடித்தது, எப்போது அடித்தது என்று அண்ணனைக் குடைந்து எடுத்திருப்பேன். நான் நினைத்த மாதிரியே வந்தது, அதனால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைக்காரரின் வீடியோவுக்கும் என் மூட்டைப் படத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? வெட்கமாக இருக்கிறது.

மனைவி: "யாருக்குத் தெரியப்போவுது? சும்மா இருங்க. நாலு பேரு தப்பிச்சாங்கன்னு வச்சுக்குங்க."

சும்மா இருக்கத்தான் ஆசை. முடியவில்லை. குழுவில் போட்டேன்: இரண்டு வயலிலும் டானிக் அடிக்கப்பட்டது இப்போதுதான் தெரிந்தது, செவ்வாய்க்கிழமை நான் சொன்ன முடிவு செல்லாது, டானிக் பலன் தருமா தராதா என்று எனக்குத் தெரியாது, மன்னிக்கவும்.

ஒருத்தர் கட்டைவிரல். அவ்வளவுதான்.

பிப். 3, செவ்வாய்

வெயில். பெட்ரோல் போட்டாயிற்று. அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும்.

குழுவில் கடைக்காரரின் புதுப் படம். என் படம்! அதே மூட்டைகள், அதே தார்ப்பாய். மேலே சிவப்பு எழுத்தில்: இரண்டு வயலிலும் நம் டானிக், இரண்டிலும் அமோக விளைச்சல், லாப் ஊழியரே ஒப்புக்கொண்டார். வாங்கப்போவதில்லை என்ற நாலு பேரில் மூன்று பேர் அதற்குக் கைகூப்பி இருந்தார்கள். போனைச் சுவரில் அடிக்கப் போய் நிறுத்தினேன்.

சாயங்காலம் சுரக்குடி. முட்டாள் என்றதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அண்ணன் சிரித்துக்கொண்டே வரவேற்றார். பக்கத்தில் புது டானிக் டின். ஒன்று இல்லை, உளுந்து நிலம் முழுவதுக்கும்.

"அண்ணே, அது வேலை செய்யுதான்னு நமக்குத் தெரியாதுண்ணே. ஒரு வயலயாச்சும் அடிக்காம வுடுங்க. நான் லீவு போட்டுட்டு வந்து நானே பாத்துக்கிறேன்."

"நீ உண்மைய மறைக்காம குழுவுல போட்ட பாரு, அதுலதான்டா எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. ரெண்டு வயலுக்கும் அடிச்சேன். ரெண்டும் நல்லா வந்துச்சா, இல்லியா? நீயே சொல்லு."

வந்தது. வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்?