ஞாயிற்றுக்கிழமைச் சொட்டு

சார்,

இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு உறுதியான செய்தி: உங்கள் சமையலறையில் சொட்டிய தண்ணீர் எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர்தான். சொன்னவர் பிளம்பர் சலீம் பாய். சொன்னதோடு நிற்காமல் காட்டவும் செய்தார். பாத்திரம் கழுவும் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, சொட்டு நீலம் கலந்து, அடைப்பை ஒரேயடியாகப் பிடுங்கினார். தொட்டிக்குக் கீழே டைல் பெயர்த்த இடத்தில், சுவருக்குள் இரண்டு குழாய்கள் சேரும் மூட்டில் நீலம் பொங்கி வழிந்து தரைக்குள் இறங்கியது.

"சொல்யூஷன் போட்டு ஒட்டவே இல்ல சார். சும்மா சொருகி வச்சிருக்காங்க. யார் பாத்த வேலை இது?" என்றார்.

ஈரச் சிமெண்ட் வாசனை எழுந்தது. கீழ்வீட்டில் நீங்கள் என்னை அழைத்துக் காட்டிய கூரையிலும் இதே வாசனைதான் இருந்தது.

முதல் கசிவை நான் மறுத்ததில்லை. பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுக் குழாயும் புதுத் தொட்டியும் வைத்தோம். பிறகு தொட்டிக்கு அடியில் ஈரம். வாஷரை இருமுறை மாற்றினோம், வளையும் குழாயை ஒருமுறை. வந்த பிளம்பர்கள் எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்ததை மாற்றிவிட்டுப் போனார்கள். நீங்கள் மட்டும் மாடியேறி வருவதை நிறுத்தவில்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

வாசல்படிக்கு வெளியிலேயே நிற்பீர்கள். உள்ளே மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

"இன்னிக்கும் விழறது சார்."

"மத்த நாள்ல விழாதது ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படிங்க சார் விழும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"பிரச்சனை தண்ணியா, மீனான்னு சொல்லிடுங்க."

"தளிகை பண்ற அடுப்பு மேலயே விழறது. பத்து ஜலம் சார்" என்றீர்கள். அந்தப் 'பத்து' எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் பாத்திரத்தைச் சொல்கிறீர்கள், எங்களைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். "சோறு பட்டதெல்லாம் அவருக்குப் பத்துதாங்க, அவரு வடிக்கிற சோத்தையும் சேத்துத்தான். நீங்களா ஏன் இழுத்துப் போட்டுக்கறீங்க?" என்று கோமதி அன்றே சொன்னாள். மனைவி சொன்னதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று உங்களைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டுப் பைப்பை ஐந்து நிமிடம் திறந்துவிட்டேன். ஒரு சொட்டும் விழவில்லை. "பாத்தீங்களா?" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. "தொட்டிய ரொப்பி ஒரேயடியாத் தொறந்து விட்டுப் பாருங்கோ" என்றீர்கள். இரண்டு முறை சொன்னீர்கள். நான் செய்யவில்லை.

ஞாயிறு என்றால் துவாக்குடியிலிருந்து மகன் குடும்பம் வரும். பெரிய சட்டிகளை ஊறப்போடத் தொட்டியை நிரப்புவது அன்றுதான். மெல்ல ஓடும் தண்ணீருக்கு வழி விட்ட மூட்டு, மொத்தமாக இறங்கும் தண்ணீருக்குத் தாங்கவில்லை. சலீம் பாய் இதைச் சொல்ல அரை நிமிடம்தான் ஆனது.

'யார் பாத்த வேலை' என்று அவர் கேட்ட கேள்விக்கும் இன்று பதில் தெரிந்துவிட்டது. புதுத் தொட்டி வைத்த அன்று மாலை அந்தப் பிளம்பர், "அளவுக்குச் சொருகி வச்சிருக்கேன், நாளைக்கு வந்து ஒட்டிட்டு மூடிக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை துறையூரிலிருந்து கோமதி வீட்டார் வருவதாக இருந்தது. சுவரில் ஓட்டையோடு இருக்கவேண்டாம் என்று அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டு டைல் ஒட்டச் சொன்னேன். மறுநாள் வந்த பிளம்பரிடம் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியதும் நான்தான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் வேண்டியிருக்காது.

சென்னையிலிருந்து உங்கள் மகள் எனக்குப் போன் செய்தார். "அங்கிள், ஞாயித்துக்கிழமையானா அப்பா அடுப்பே பத்த வைக்கறதில்ல. பாலும் பழமும்தான். தண்ணி சொட்டறதுங்கறார். நிஜமாவே ஒழுகறதா?"

"நானே செக் பண்ணேம்மா. ஒரு சொட்டு இல்ல."

"கூரைல கறை இருக்கே?"

"அது பழைய கறைம்மா. அதத்தான் சரி பண்ணிட்டோமே."

"அப்ப அப்பாதான் கொழப்பிக்கறார் போல. நீங்க பத்திரிகைக்காரர், பாக்காம சொல்லமாட்டேள்."

தனியாக விட முடியாது என்று அந்த மாதமே உங்களைச் சென்னைக்கு அழைத்துப்போனார். பெட்டியோடு மாடிப்படிக்குக் கீழே நின்று, "வரேன் சார். தொட்டிய மட்டும் ஒருதரம் ரொப்பிப் பாருங்கோ" என்றீர்கள். தையில், "அப்பா ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார்" என்று செய்தி வந்தது. மூன்று தெரு தள்ளி ராஜகோபுரம் தெரியும் வீட்டை விட்டு, பன்னிரண்டாவது மாடியில் ஓர் அறையில் கடைசி நாட்களைக் கழித்தீர்கள். உங்கள் புத்தி தடுமாறிவிட்டது என்று நம்பித்தான் மகள் உங்களைப் பார்த்துக்கொண்டார். அந்தத் தகவலைக் கொடுத்தவன் நான்.

நான் எழுதிய செய்திகளுக்குத் திருத்தம் போட நேர்ந்தபோதெல்லாம் போட்டிருக்கிறேன். தப்பு வந்த அளவுக்கு அவை ஒருபோதும் பெரிதாக இருந்ததில்லை. இதற்குப் போனில் ஒரு வரி போதாது.

சலீம் பாய் பசை டப்பாவைத் திறந்தார். "இன்னிக்கு ஒட்ட வேண்டாம் பாய், சனிக்கிழமை வரைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"ஒழுகட்டும்னு சொல்ற மொத வீடு உங்க வீடுதான் சார்" என்று மூடிவைத்தார்.

வீட்டை வாடகைக்கு விட உங்கள் மகள் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறார். ஒட்டாத மூட்டின் மேல் டைல் வைத்து மூடச் சொன்னதும், தொட்டியை நிரப்பிப் பார்க்காமலே அவரிடம் 'ஒரு சொட்டு இல்ல' என்றதும் நான்தான் என்பதை அவர் படியில் கால் வைக்கும் முன்பே சொல்லிவிடுவேன். பிறகு அவர் உங்கள் அடுப்பு இருந்த இடத்தில் நின்று மேலே பார்க்க வேண்டும். நான் தொட்டியை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிடவும், காலையில் சோறு பட்ட எதையும் அதில் போடாமலிருக்கவும் கோமதியிடம் சொல்லியிருக்கிறேன். சுத்த ஜலமாகவே விழட்டும்.

விழ வேண்டும், சார்.