கருப்பு வெள்ளையில் உன் செடிகள்

அன்புள்ள மனைவிக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, உன் பால்கனிச் செடிகளை இனி கருப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். செடிகள் பிழைத்திருந்தால்தான் திரும்பி வருவேன் என்று நீ சொல்லிவிட்டுப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பச்சை நிறம் கவனத்தைச் சிதறடிக்கிறது. காலை ஏழு மணி வெயிலில் இலையின் சுருக்கம்கூடத் துல்லியமாக விழுகிறது. எடிட் செய்யும்போது அதைக் கொஞ்சம் இருட்டாக்கிவிடுகிறேன்.

நேற்று உன் தம்பி வந்து தொட்டிகளைப் பார்த்தான்.

"மாமா, படத்துல நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதான் மாப்ளே கலை" என்றேன்.

இந்த வாரப் படங்கள் இத்துடன் இருக்கின்றன. எப்போது வருகிறாய்?

உன் கணவன்

பி.கு.: உன் தம்பியும் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனான். அது கலர் படம்.