அரிசி டின்னில் பறக்கிறவன்

ஏங்க,

அக்காவைப் பாக்க பாகாலா போறேன். மீன்கொழம்பு மூடி வெச்சிருக்கேன், சுடவெச்சுத் துன்னுங்க.

சர்ச்சுக்கு வராம டிவியில பறக்கிறவனைப் பாத்துக்கினு இருந்தீங்களே, அந்தக் கோவத்துல அவன் கதை வர்ற உங்க புது காமிக்ஸ் மூணையும் அரிசி டின்னுல ஒளிச்சது நான்தான். இன்னிக்கு அடுப்புல போடலாம்னு எடுத்தவ, நின்னுக்கினே படிச்சிட்டேன்.

யப்பா! டிவியில அவனை இடுப்புல கட்டித் தூக்குற கயிறு தெரியுது. இதுல மேகமே வெலகி வழி வுடுது! செகப்பு அட்டையை மொதல்ல படிங்க. அடுத்தது, ஏரி ரெண்டா பொளக்கிற புக்கு. செங்கடல் கதை கேட்டப்போகூட எனக்கு இப்படிப் புல்லரிக்கல. பாஸ்டரய்யாகிட்ட சொல்லிடாதீங்க.

உங்க மேல கோவம் இன்னும் தீரல.

ஜெயசீலி

மூணாவதைத் தேடாதீங்க, என் பையில இருக்குது. பாதிக் கதையில அவனுக்குக் கண்ணு தெரியாம போச்சு. அவனை அப்படியே வுட்டுட்டு எப்படி ரயிலேறுறது?