பெயரைத் திருப்பிக் கொடுத்தான்

பொசைதேயோன் மாதம் 6

குளிர். அண்ணன் லூசானியஸ் இன்றும் என் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அடுத்த மாத விழாவில் அவனுடைய நகைச்சுவை நாடகம் நடக்கப்போகிறது. அதில் பெண்கள் துறைமுகத்தில் உட்கார்ந்துகொண்டு போர்க்கப்பல்களை மறிக்கிறார்கள். “தலைவி என்னடி பேசுவா?” என்று கேட்டான்.

சொன்னேன். “சபையில் போருக்குக் கை தூக்குவது நீங்கள். கல்லறையில் அழ மட்டும் எங்களைக் கூப்பிடுகிறீர்கள். கப்பலை அனுப்பும் முன் ஏன் கூப்பிடவில்லை?”

போரில் இறந்த அப்பாவின் எலும்புகள் ஊர் திரும்பிய அன்று, கல்லறையில் மது ஊற்றியபோது தோன்றியது அது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் சிரிக்கவில்லை, அப்படியே எழுதிக்கொண்டான்.

பொசைதேயோன் 15

தலைவிக்கு என் பெயரையே வைத்திருக்கிறான். மெலித்தா! உயிரோடிருக்கும் குடும்பப் பெண்ணின் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரன்கூட வெளியில் சொல்லமாட்டான். இவன் ஊர் முன்னால் கூவப்போகிறான்.

“உன் பேச்சு, உன் பேரு. மரியாதைக்குத்தான் வச்சேன்.”

மரியாதையாம்!

பொசைதேயோன் 16

என் வருங்கால மாமனார் ஃபெய்தோன் வந்தார். நாடகத்தின் ஆடிப் பாடும் கோஷ்டியில் இருக்கும் அவருடைய தங்கை மகன் போய்ச் சொல்லியிருக்கிறான்.

“ஏம்ப்பா, என் மருமக பேரை மீன்காரன் எல்லாம் சொல்லிச் சிரிக்கணுமா? எடுத்துடு. இல்ல, வேற மாப்பிள்ளை பாத்துக்கோ.”

“எடுத்துடறேன் மாமா, தெரியாம வச்சுட்டேன்.” அண்ணன் குழைந்த குழைவு மாடிவரை கேட்டது.

பொசைதேயோன் 27

முற்றத்தில் ஒத்திகை. மாடியிலிருந்து பார்த்தேன். தலைவிக்கு இப்போது ஒரு விலைமகளின் பெயர். பெண் முகமூடி, துணி அடைத்த மார்போடு நடிகன் பேசினான். என் பேச்சுதான், ஒரு சொல் மாறவில்லை. பேசி முடித்ததும் — கல்லறையில் ஊற்ற எடுத்துவந்த மதுவைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டு ஏப்பம் விடுகிறாள்.

இறங்கி ஓடினேன். வெளி ஆண் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை.

“அது அப்பாவுக்கு ஊத்தினதுடா!”

“சிரிக்கணும்டி. குடிக்காத பொம்பளையப் பாத்து எவன் சிரிப்பான்?”

“அப்ப என் பேச்சை எடுத்துடு.”

“பேரைத்தான் எடுத்துட்டேனே, இன்னும் என்ன?”

நடிகன் முகமூடியைக் கழற்றிவிட்டு, “அந்த ஏப்பந்தாம்மா பரிசு வாங்கப்போவுது” என்றான்.

பெயரைத் திருப்பிக் கொடுத்தான். பேச்சை வைத்துக்கொண்டான். ஃபெய்தோன் கேட்டால் அன்றைக்கே எடுக்கிறான். நான் கேட்டால் எனக்குச் சிரிக்கத் தெரியவில்லையாம். நாடகத்தில் தலைவி கப்பல் படையையே நிறுத்துகிறாள். வீட்டில் என்னால் ஒரு ஏப்பத்தை நிறுத்த முடியவில்லை.

கமேலியோன் மாதம் 13

முதல் பரிசு. சிரிப்புச் சத்தம் வீடுவரை வந்தது. எந்தக் கட்டத்துக்குச் சிரித்தார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கமேலியோன் 15

வெற்றி விருந்து. “பொம்பளை மனசை இவனை மாதிரி எவன்யா எழுதினான்!” என்று கத்துகிறார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். “கல்யாணம் நிக்கலையே, அது போதும்டி.”

போதுமா?

பொயெத்ரோமியோன் மாதம் 8

விழா முடிந்து எட்டு மாதம் ஆகிறது. என் புகுந்த வீட்டுக்கு அண்ணன் அத்திப்பழத்தோடு வந்தான். என் கணவர் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

“புது நாடகத்துல ஒரு விதவை வர்றா. அவ என்னடி பேசுவா?”

“எனக்கென்னண்ணா தெரியும்?”

“சும்மா சொல்லு.”

நூல் அறுந்திருந்தது. முடிச்சுப் போட்டேன். காத்திருந்து பார்த்துவிட்டுப் போனான். மறுபடியும் வருவான். வரட்டும்.

பொசைதேயோன் 11

மறுபடியும் குளிர். கணவர் அண்ணனுடைய புது நாடகத்தின் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார். கோஷ்டி முழுக்கக் கிழவர்களாம். ஒரு விதவை மேடையைக் கடந்து போகிறாளாம். அவளுக்குப் பேச்சு இல்லையாம்.