பரஞ்சோதி கிராணி பிடிக்கச் சொன்ன சொறி

சேசு மரி சூசை துணை

மெர்போக் ஆத்துவாய்த் தோட்டம்,
மே மாதம் 9, 1943.

அன்பு மகள் ஜேனுக்கு அம்மா லூர்து மேரி எழுதுறது. ஜப்பான்காரன் கணக்குல இது 2603ஆம் வருசமாம், அதை அவனே எழுதிக்கட்டும். மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்குதான், அதைத் தின்னுட்டு சுகம்னு எழுதினா பொய்யாயிடும். சிரம்பான்ல நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்களும் எப்படி இருக்கீங்கன்னு ரெண்டு வரி எழுது. தபால்ல போட்டா பிரிச்சுப் படிப்பானுங்கன்னு இதை ரயில்ல வேலை செய்யற ஜெரார்ட் கையில குடுத்து விடுறேன்.

நம்ம பரஞ்சோதி கிராணியை மறந்திருக்க மாட்டே, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுறதை விட்டுட்டு வெள்ளைக்காரத் துரையோட நாயைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தவன். துரை ஓடின மூணாம் நாளே கையில சிவப்பு வட்டத் துணியைக் கட்டிக்கிட்டு வந்து நின்னான், இப்ப அவன்தான் தோட்டத்துக்குப் பெரியவன். நாலு ஜப்பான் வார்த்தை தெரியும், அதுல மூணு "சரிங்க"தான். ரப்பர் மரத்துல பால் வெட்டுற வேலை நின்னு போச்சு இல்லையா, லாரி ஓட்டக் கரி வேணும்னு போன வருசமே ஆத்துவாய்ல உப்புத்தண்ணிச் சேத்துல வேர் ஊனி நிக்கிற பாக்காவ் மரத்தை எல்லாம் வெட்டச் சொன்னான். நான் கடற்கரையில பொறந்து மீன் வீட்டுல வளந்தவ, சும்மா இருக்க முடியுமா. அந்த வேருக்குள்ளதான் கூனி இறால் பெருகுது, மலாய்க்காரங்க கெராகாவ்னு அள்ளிட்டுப் போயி பிளாச்சான் இடிக்கிறாங்களே அதுதான், அதைத் தின்னத்தான் மீனு கரைக்கு வருது, மரம் போனா எல்லாம் போயிரும்னு போய்ச் சொன்னேன். கேட்டுட்டுப் பல்லைக் காட்டினான். மரம் போச்சு. மழையில கரை மண்ணு கரைஞ்சு தண்ணி கலங்கி, அப்புறம் பச்சையாக் கொழகொழன்னு நாறிச்சு. கூனியும் இல்ல, கெம்போங் மீனும் இல்ல, கிழங்குக்குத் தொட்டுக்க ஒரு கருவாடு இல்ல. தவக்காலத்துல பாரு, கடல் நெறைய சொறி மீனு, எலும்பில்லாத வழவழ இழுது, வந்து மெதக்குது. தண்ணியில கெடக்கிற பொடிப் பூச்சியைத் தின்ன மீனு இல்லாம போகவும் அத்தனையையும் இதுவே தின்னு பெருத்துப் போச்சு.

அந்த அறிவுகெட்டவன் உடனே ஜப்பான் அதிகாரிகிட்டப் போயி, உங்க ஊர்ல சொறியை உப்புல போட்டுத் தின்பீங்களாமே, கூடை கூடையாப் பிடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டான். சொறியில எத்தனை வகைன்னு அவனுக்கு என்ன தெரியும். சீனர் உப்புப் போடுறது தடிப்பா குடையாட்டம் இருக்கும். இது கண்ணாடியில செஞ்ச பெட்டி மாதிரி, நாலு மூலையிலயும் முழ நீளத்துக்கு நூலு தொங்குது. தொட்டா உசிரு போயிரும்னு காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லார் முன்னாலயும் சொன்னேன். மீன்காரி புத்தி இன்னும் போகலை பாருன்னு சொல்லிச் சிரிச்சான், கூட நின்ன நாலு பேரும் அவனுக்குப் பயந்து சிரிச்சானுங்க.

நம்ம பக்கத்து வீட்டு அய்யாவு, நீ கல்யாணம் ஆகிப் போறப்ப உன் டிரங்குப் பெட்டியை ஸ்டேசன் வரைக்கும் தலையில சுமந்துக்கிட்டு வந்தானே, அவனைத்தான் மொதல்ல எறங்கச் சொன்னான். மத்தவங்க கூடையோட மேட்டுல நின்னாங்க, கிராணி தண்ணி ஓரமா நின்னு ஏவிக்கிட்டு இருந்தான். இவன் யாரையும் எதுத்துப் பேசத் தெரியாதவன், கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தொடையளவு தண்ணியில எறங்கியிருக்கான். சத்தம் கேட்டு நான் சொறி விஷத்துக்கு ஊத்துற புளிச்ச கள்ளை எடுத்துக்கிட்டு ஓடினேன், கால் ரெண்டுலயும் சாட்டையால வெளுத்தாப்பல வரிவரியாக் கெடந்துச்சு, பாதிக் கள்ளை ஊத்தறதுக்குள்ள மூச்சு நின்னு போச்சு. நெஞ்சு பலவீனத்துல செத்தான்னு கிராணி அதிகாரிகிட்டச் சொன்னான். மறுநாள் எறங்கணும்னு பத்துப் பேரு பட்டியல் போட்டான், மூணாவது பேரு உங்கப்பா.

எனக்கு அப்புறம் பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. விடிஞ்சதும் ஒரு வாளியில கடல் தண்ணியும் கம்பால தூக்கிப் போட்ட ரெண்டு சொறியும் கொண்டுபோயி பெரட்டுல அந்த அதிகாரி முன்னாலயே வெச்சேன். "கிராணியாரே, தின்னுற பண்டம்னு சொன்னீங்களே, கையை விட்டு ஒண்ணு எடுத்து ஐயாவுக்குக் குடுங்க" அப்படின்னேன். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். அந்த ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியாது, ஆனா அந்தக் கை ஒளிஞ்சது நல்லாப் புரிஞ்சுச்சு. மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்து வாளிக்குள்ள முக்கினான். கிராணி போட்ட கூப்பாடு லயம் முழுக்கக் கேட்டுச்சு. சொறி வேலை அத்தோட நின்னுச்சு. அந்த அதிகாரிக்கு நம்ம மேல எரக்கம்னு நெனைச்சிடாதே, மரம் வெட்ட ஆளு குறையக் கூடாது, அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற பாக்காவையும் இப்ப வெட்டிக்கிட்டுத்தான் இருக்கானுங்க. என் தலையை வெட்டாம விட்டதே பெருசுன்னு அப்பா ரெண்டு நாளு என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை.

வாளியில முக்கின கொஞ்ச நேரத்துலயே கை வீங்கி நம்ம வாசல்ல வந்து நின்னான் கிராணி, மரியாதையா லூர்தம்மான்னு கூப்பிட்டான். கள்ளு முழுசும் அய்யாவுக்கு எடுத்துக்கிட்டுப் போனது, மிச்சம் அய்யாவு வீட்டுல இருக்கு, அவன் பொண்டாட்டி பிச்சையம்மாகிட்டப் போயிக் கேளுன்னேன். வெக்கம் இருந்தா போகமாட்டான்னு நெனைச்சேன். போனான். என்ன நடக்குதுன்னு பார்க்க நானும் பின்னாலயே போனேன். அவ அவனை ஒக்கார வெச்சு மெதுவா ஊத்தினா, எனக்கு அவ மேலயே கோவம் வந்துச்சு. ஊத்திக்கிட்டே கேட்டா, "நீங்கதானே அவருக்குக் கிட்டத்துல நின்னீங்க, கடைசியா என்ன சொன்னாரு?"

அவன் தலையைத் தூக்கவே இல்ல. "அவரு கத்தினதுமே நான் மேட்டு மேல ஓடிட்டேம்மா, ஒண்ணும் கேக்கலை" அப்படின்னான். மிச்சக் கள்ளையும் அவ அந்தக் கையில ஊத்தி முடிச்சு, துணியைச் சுத்திக் கட்டி விட்டுட்டு, போங்கன்னு மட்டும் சொன்னா. ஒன்றரை வருசமா அவனை என்னென்ன பேரு வெச்சு ஏசியிருக்கேன், அன்னைக்கு எனக்கு ஒரு பேரும் அகப்படலை.

பிச்சையம்மா இப்ப நம்ம வீட்டுலதான் சாப்பிடுறா. மாப்பிள்ளையை எந்த வேலைக்கும் தானா முன்னால போயி நிக்க வேணாம்னு சொல்லு. போர்ட்டிக்சன் பக்கம் போனா பிள்ளைங்களைக் கடல்ல எறக்காதே. அய்யாவு நம்ம வேதக்காரன் இல்ல, பரவாயில்ல, கோயில்ல அவனுக்கும் ஒரு மெழுகுத்திரி ஏத்து. ஆண்டவர் உங்க எல்லாரையும் பட்டினியும் பயமும் அண்டாம காப்பாத்தட்டும், அப்பாவோட ஆசீர்வாதமும் இதுலயே இருக்கு. படிச்சதும் கடுதாசியை அடுப்புல போட்டுடு, மறந்துடாதே.

உன்னை நெனைச்சு செபமாலை உருட்டுற அம்மா,
லூர்து மேரி